மல்பெரி தெருவை எங்கே நின்று பார்ப்பது?

டென்னசி மாநிலம், மெம்ஃபிஸ் நகரம், மல்பெரி தெரு, எண் 450. கூகுள் வரைபடத்தில் இந்த முகவரியைத் தட்டினால் அமெரிக்காவின் தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம் வந்து நிற்கிறது. பார்த்தால் அருங்காட்சியகம் மாதிரியே இருக்காது. நெடுஞ்சாலையோரத்தில் காணக் கிடைக்கிற சாதாரண மாடி விடுதி. நீலப்பச்சைக் கதவுகள், மாடி நெடுகக் கம்பிக் கிராதி போட்ட வராந்தா, கிராதியில் ஒரு மலர்வளையம். வாசலில் 1959ஆம் வருடத்து டாட்ஜ் காரும் 1968ஆம் வருடத்து வெள்ளைக் காடிலாக்கும். 1968 ஏப்ரல் 4 மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு குடிமை உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அந்த வராந்தாவில், 306ஆம் எண் அறைக்கு முன்னால் சுடப்பட்டார். லொரெய்ன் மோட்டல் என்ற அந்த விடுதிதான் 1991 செப்டம்பர் 28 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

மெம்ஃபிஸுக்கு விமானம் ஏற வாய்க்காதவர்களுக்கும் இன்று இந்த இடத்துக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. தெருக்காட்சிப் படங்கள், பார்வையாளர்கள் எடுத்து ஏற்றிய 360 டிகிரிப் படங்கள், காட்சிக்கூடங்களைச் சுற்றிக் காட்டும் காணொளிகள், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் ஆக்கங்கள். இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். நேரில் போவதற்கு ஈடாகாது என்பார்கள் சிலர். போக முடியாதவர்களுக்கு இதாவது கிடைக்கிறதே என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. லொரெய்னின் வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டு இந்தத் திரைவழி உலாக்களுக்குள் போனால் வேறொன்று உறுத்துகிறது. கேமராவை எங்கே நிறுத்துவது என்று யார் தீர்மானித்தார்கள்? அங்கே நின்று பார்ப்பவரின் கண்ணில் எது படாமல் போகிறது?

அசலா நகலா என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். நேரில் போகிறவர் பார்ப்பதும் முழுக்க அசல் அல்ல. வாசலில் நிற்பவை அன்று நின்ற கார்கள் அல்ல, அதே மாடல் கார்கள். விடுதியின் முகப்பையும் 306, 307 அறைகளையும் வைத்துக்கொண்டு, பின்புறத்தில் காட்சிக்கூடத்தைப் புதிதாக எழுப்பினார்கள். உள்ளே அந்தக் காலத்து மான்ட்கோமரி நகரப் பேருந்து ஒன்று நிற்கிறது. ரோசா பார்க்ஸின் உருவம் அதில் உட்கார்ந்திருக்கும். நாம் ஏறினால், எழுந்து பின்னால் போகச் சொல்லி ஓட்டுநரின் அதட்டல் ஒலிப்பதிவில் கேட்கும். 1955 டிசம்பர் 1 அன்று வெள்ளையருக்கு இடம் விட்டு அவர் எழ மறுத்த பேருந்து இது அல்ல. 2857ஆம் எண் கொண்ட அந்தப் பேருந்து மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 306ஆம் அறையில் மட்டும் கலைந்த படுக்கையும் சாப்பிட்ட பாத்திரங்களும் அன்றைய மாலை இருந்தபடி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள் யாரும் கால் வைக்க முடியாது. கண்டம் விட்டுக் கண்டம் வந்தவரும் கடைசியில் ஒரு கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த அறையைக் கண்ணாடிக்குள் வைத்ததே நீண்ட கதை.

1925ல் கட்டப்பட்ட ஒரு பழைய ஹோட்டலை 1945ல் வால்டர் பெய்லி, லோரி பெய்லி என்ற கறுப்பினத் தம்பதியர் வாங்கினார்கள். மனைவியின் பெயரையும் அப்போது பிரபலமாக இருந்த 'ஸ்வீட் லொரெய்ன்' என்ற பாட்டையும் நினைத்து லொரெய்ன் என்று பெயர் வைத்தார்கள். பையில் பணம் இருந்தாலும் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பயணிக்கு வெள்ளையர் விடுதியில் அறை கிடைக்காத காலம் அது. நம்பித் தங்கக்கூடிய இடங்களைத் தொகுத்து, ஹார்லெமில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்டுவந்த கிரீன் புக் என்ற வழிகாட்டியில் லொரெய்னுக்கும் இடம் இருந்தது. கவுன்ட் பேசி, கேப் காலவே, ஆரீத்தா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெட்டிங் எல்லாரும் இங்கே தங்கியிருக்கிறார்கள். ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவு நிறுவனத்தின் கலைஞர்களுக்கு இது இரண்டாவது வீடு. கறுப்பினப் பாடகர் எடி ஃபிளாய்டும் வெள்ளைக் கிடார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரும் 'நாக் ஆன் வுட்' பாட்டை எழுதியது லொரெய்னின் ஓர் அறையில்தான். பிற ஊர்களிலிருந்து வண்டியோட்டி வருகிறவர்கள் காரை அறை வாசலிலேயே நிறுத்துவதற்கு வசதியாக 1960களின் நடுவில் மோட்டல் பகுதியைச் சேர்த்தார்கள். பாட்டும் சாப்பாடும் பேச்சுமாக இருபது வருடங்களுக்கு மேல் நடந்த இடம். இன்றைக்குத் திரையில் லொரெய்னைத் தேடினால் அந்த இருபது வருடங்களும் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிக் கிடக்கின்றன. கிங் அடிக்கடி தங்கிய விடுதி என்பதைத் தாண்டி, மற்றவர்கள் மகிழ்ச்சியாகத் தங்கிய விடுதி என்பது பதிவாவதில்லை.

கிங் சுடப்பட்ட சில மணி நேரத்திலேயே லோரி பெய்லி பக்கவாதம் தாக்கிச் சரிந்தார். ஏப்ரல் 9ஆம் தேதி, அட்லாண்டாவில் கிங்கின் இறுதி ஊர்வலம் நடந்த அதே நாளில் இறந்துபோனார். வால்டர் பெய்லி 306ஐ அதன்பின் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை; நினைவிடமாகவே வைத்திருந்தார். விடுதி நொடித்தது. சட்டப்படியான பாகுபாடு ஒழிந்து மற்ற விடுதிகளின் கதவுகள் திறந்தபோது லொரெய்ன் போன்ற கறுப்பினத்தவர் விடுதிகளின் வாடிக்கையாளர்கள் கலைந்துபோனதும் ஒரு காரணம். உரிமைப் போராட்டத்தின் வெற்றியே அந்தப் போராட்டத்துக்கு இடம் கொடுத்த தொழில்களைச் சாய்த்தது என்ற முரணை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஓரமாகத்தான் சொல்கின்றன. 1982ல் கடனுக்காக விடுதி ஏலத்துக்கு வந்தது. உள்ளூர் வழக்கறிஞர் டிஆர்மி பெய்லி (வால்டருக்கு உறவினர் அல்ல) முன்னின்று அமைத்த குழு அதை 1,44,000 டாலருக்கு எடுத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அருங்காட்சியகம் திறந்தது. வால்டர் பெய்லி அதைப் பார்க்கவில்லை, 1988ல் காலமானார். பின்னர் 2 கோடியே 75 லட்சம் டாலர் செலவில் உள்ளரங்கம் மாற்றியமைக்கப்பட்டு 2014 ஏப்ரலில் மறுபடி திறக்கப்பட்டது.

லொரெய்னைப் பார்ப்பதற்குப் பெரும்பாலான உலாக்கள் தேர்ந்தெடுக்கும் இடம் வராந்தாவுக்குக் கீழே, கார்களுக்குப் பின்னால். அங்கிருந்து அண்ணாந்தால் மலர்வளையம் சட்டத்தின் நடுவில் சரியாக வந்து அமரும். அஞ்சலி செலுத்துகிறவரின் இடம் அது. புதுப்பிப்பு வேலை நடந்தபோது 2012 நவம்பரில் வராந்தாவையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிங் விழுந்த இடத்தில் நின்று தெருவைப் பார்க்க முடிந்தது. அப்படி நின்றவருக்கு எதிரே தெரியும் முதல் பொருள், சவுத் மெயின் தெருவிலுள்ள ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க ஜன்னல்.

அந்தக் கட்டடமும் இப்போது அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 2002 செப்டம்பரில் அதைக் காட்சிக்கூடத்தோடு சேர்த்தார்கள். 1968ல் அது மலிவு வாடகை அறைகள் கொண்ட வீடு. ஏப்ரல் 4 மதியத்துக்கு மேல் ஜான் வில்லார்ட் என்ற பெயரில் ஒருவர் அங்கே அறை எடுத்தார். அவர் மிசௌரி சிறையிலிருந்து முந்தின வருடம் தப்பிய ஜேம்ஸ் ஏர்ல் ரே என்பது பின்னால் தெரிந்தது. அவர் அறை இருந்த தளத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு குளியலறை. அதன் ஜன்னலிலிருந்து 306ஆம் அறையின் வாசல் ஏறக்குறைய 60 மீட்டர். ரெமிங்டன் துப்பாக்கியும் வழக்கின் மற்றத் தடயங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. குளியலறையை அன்றிருந்தபடி அமைத்தார்கள்.

பார்வையாளரைக் கொலையாளியின் கண் இருந்த இடத்தில் நிறுத்துவதா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சங்கடம் தீரவில்லை. ஆனாலும் அந்த ஜன்னல் ஒரு காரியம் செய்கிறது: கொலையை விதியின் செயலாக, புனிதரின் மரணமாகப் பார்க்கவிடாமல், தூரமும் கோணமும் கொண்ட ஒரு செயலாக ஆக்குகிறது. அந்தக் கட்டடத்தில் முடிவில்லாத வழக்கின் கதையும் சொல்லப்பட்டது. 1969 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ரே, மூன்றே நாளில் அதை மறுத்தார். 1998ல் சாகும்வரை மறுத்தார். சுட்டது ரேதான், பின்னால் சதி இருந்திருக்க வாய்ப்புண்டு என்றது 1979ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு. கிங்கின் குடும்பம் ரே கொலையாளி அல்ல என்று நம்பியது. 1999ல் மெம்ஃபிஸில் நடந்த உரிமையியல் வழக்கில் நடுவர் குழு சதி இருந்ததாகத் தீர்ப்பளித்தது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அடுத்த வருடம் நீதித் துறை அறிக்கை வெளியிட்டது. கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைத்த பாதிரியார் ஜேம்ஸ் லாசனே சிறைக்குப் போய் ரேயைச் சந்தித்தார். 1978ல் சிறைக்குள் ரேக்குத் திருமணம் செய்துவைத்தவரும் அவர்தான். வராந்தாவுக்குக் கீழே நின்று மலர்வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் தட்டுப்படாது.

மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்தின் வரைபடத்திலும் அது இல்லை. லொரெய்னுக்கு எதிரே, தெருமுனையில் ஒரு மேசை, சில பதாகைகள், ஒரு பெண். ஜாக்குலின் ஸ்மித், லொரெய்னின் கடைசிக் குடித்தனக்காரர். அங்கேயே தங்கி வரவேற்பறையில் வேலையும் பார்த்தவர். அருங்காட்சியகம் கட்ட இடம் காலியாக வேண்டும் என்றபோது வெளியேற மறுத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். 1988 மார்ச் 2 அன்று அதிகாரிகள் அவரைத் தூக்கி வந்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் விட்டார்கள். அன்றிலிருந்து எதிர்முனையில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்ப்புத் தெரிவித்துவந்திருக்கிறார். அவர் கேட்பது எளிய கேள்வி. ஏழைகளுக்காக உயிர்விட்டவரின் பெயரில், ஏழைகள் குடியிருந்த இடத்தைக் காலி செய்து, கொலையைக் காட்சிப்பொருளாக்குவது என்ன நியாயம்? அந்தப் பணத்தில் வீடோ மருத்துவமனையோ கட்டியிருந்தால் கிங் மகிழ்ந்திருக்க மாட்டாரா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. டிஆர்மி பெய்லியின் குழு அந்த ஏலத்தில் எடுத்திருக்காவிட்டால் லொரெய்ன் என்றோ இடிபட்டிருக்கும். ஸ்மித் எதிர்ப்பதற்குக்கூடக் கட்டடம் மிஞ்சியிருக்காது. ஆனால் சுற்றியுள்ள சவுத் மெயின் பகுதி இன்று விலையுயர்ந்த குடியிருப்புகளும் கலைக்கூடங்களுமாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது அவர் சொன்னதை அலட்சியம் செய்ய முடியவில்லை. திரைவழிப் பார்வையாளருக்கு இங்கே ஒரு தனித் தடையும் இருக்கிறது. தெருக்காட்சிப் படங்களில் மனித முகம் எது வந்தாலும் கூகுளின் மென்பொருள் தானாக மங்கலாக்கிவிடும். தனிமனித உரிமைக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் தன்னை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே ஆண்டுக்கணக்காக ஒரு முனையில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தில் பதிவாகியிருந்தால், அவரும் முகமில்லாமல்தான் நிற்பார். அருங்காட்சியகத்தின் பெயர்ப் பலகை மட்டும் தெளிவாக இருக்கும்.

கேமரா எங்கே நிற்கிறது என்ற கேள்வி லொரெய்னுக்குப் புதிதும் அல்ல. அந்த இடம் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு புகைப்படத்தால். தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் ஜோசஃப் லோ ஓர் ஆவணப்படத்துக்காக அதே விடுதியில் தங்கியிருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு வெளியே வந்து அவர் எடுத்த படத்தில் கிங் வராந்தாவில் கிடக்கிறார். கூட இருந்தவர்கள் கையை நீட்டி எதிர்ப்புறத்தைக் காட்டுகிறார்கள். கிங்கின் அருகே ஒருவர் குனிந்து மண்டியிட்டிருக்கிறார். பல ஆண்டுகள் அவரை யாரோ ஓர் ஆதரவாளர் என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மாரல் மக்கலா என்ற அவர், உள்ளூர் இளைஞர் அமைப்பு ஒன்றுக்குள் மெம்ஃபிஸ் போலீஸ் அனுப்பிவைத்திருந்த ரகசியக் காவலர் என்பது 1970களின் பிற்பகுதியில் வெளிவந்தது. ரத்தத்தை நிறுத்தத் துண்டோடு முதலில் ஓடிப்போனவரும் அவர்தான். இந்தப் படத்தைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது தெரியாது. படத்துக்கு வெளியே இருந்த கோப்பு திறந்தபோதுதான் தெரிந்தது.

எர்னெஸ்ட் விதர்ஸின் கதை இன்னும் கசப்பு. மெம்ஃபிஸின் கறுப்பின வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் படமெடுத்தவர். 1968 மார்ச் 28 அன்று கிளேபார்ன் கோயில் என்ற தேவாலயத்துக்கு முன்னால், 'நான் ஒரு மனிதன்' என்ற ஒரே வாசகம் எழுதிய நூற்றுக்கணக்கான அட்டைகளைப் பிடித்தபடி, வேலைநிறுத்தம் செய்த நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வரிசையாக நிற்கும் படம் அவருடையது. இந்த அருங்காட்சியகத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அந்தப் படம் வராமல் இருக்காது. விதர்ஸ் 2007ல் இறந்தார். 2010 செப்டம்பரில், அவர் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குப் பணம் பெற்றுக்கொண்டு தகவல் சொல்லிவந்தவர் என்று மெம்ஃபிஸ் நாளிதழ் 'கமர்ஷியல் அப்பீல்' எழுதியது. பெயரை மறைக்க எஃப்பிஐ தன் பழைய ஆவணங்களில் கறுப்பு மை பூசியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் பூச விட்டுப்போயிருந்தது. அங்கே அவருடைய தகவலாளி எண் தெரிந்தது: எம்இ 338-ஆர். நிருபர் அதைப் பிடித்துக்கொண்டு, பிறகு வழக்குப் போட்டு மற்றக் கோப்புகளையும் வெளியே கொண்டுவரச் செய்தார். எல்லாக் கூட்டத்துக்கும் தடையின்றி உள்ளே போக முடிந்த கேமரா அவருடையது. அந்த நெருக்கத்தால்தான் படங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன. அதே நெருக்கத்தைத்தான் எஃப்பிஐயும் விலைக்கு வாங்கியது. அவர் துரோகியா, குடும்பத்தைக் காப்பாற்ற வழிதேடிய எட்டுப் பிள்ளைகளின் தகப்பனா என்று மெம்ஃபிஸில் இன்னும் வாதாடுகிறார்கள். படத்தின் கீழே 'புகைப்படம்: எர்னெஸ்ட் விதர்ஸ்' என்று மட்டும் போட்டு நகர்ந்துவிடும் உலா, பார்வையாளருக்கு வரலாற்றின் பாதியைத்தான் கொடுக்கிறது.

மெய்நிகர் ஆக்கங்கள் இந்த இடத்தில் வேறொரு வாக்குறுதியோடு வருகின்றன: பார்ப்பது மட்டும் அல்ல, உள்ளே நிற்கலாம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் ஹாம் 2018ல் உருவாக்கிய ஆக்கத்தில், கருவியை மாட்டிக்கொள்பவர் மெம்ஃபிஸ் வேலைநிறுத்தக்காரர்களுக்கு நடுவே, படை வண்டிகளுக்கு எதிரில் நிற்கிறார். பிறகு லொரெய்னுக்கு வருகிறார். கொலையின் 50ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்திலேயே அதைப் பார்க்கக் கிடைத்தது. டைம் இதழின் தயாரிப்புப் பிரிவு, கிங் பேசிய 1963 வாஷிங்டன் பேரணியை மெய்நிகராக மறுஆக்கம் செய்து 2020 பிப்ரவரியில் சிகாகோவின் டுசேபிள் அருங்காட்சியகத்தில் வைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே பேரணி ஃபோர்ட்நைட் என்ற வீடியோ விளையாட்டுக்குள் போனது. லிங்கன் நினைவிடத்தைக் கட்டி, கிங் பேசும் காட்சியை ஓடவிட்டார்கள். விளையாடுகிறவர்கள் வாழைப்பழ வேடத்திலும் சூப்பர்ஹீரோ உடையிலும் வந்து அதற்கு முன்னால் நடனமாடினார்கள். கண்டனம் எழுந்ததும் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் பெரும்பாலான சைகைகளை முடக்கியது. பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை. ஆட்டக்களத்தில் இறக்கிவிட்டால் ஆடத்தான் செய்வார்கள்.

கிங்கின் குரல் இந்த ஆக்கங்களில் கேட்பதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது. வாஷிங்டன் பேச்சின் பதிப்புரிமை கிங்கின் வாரிசுகளிடம் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் முன் பேசி, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பேச்சு பொதுச்சொத்து ஆகாதா என்று சிபிஎஸ் தொலைக்காட்சி வாதாடிப் பார்த்தது. 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவில் பேசியதாலேயே உரிமை போய்விடாது என்று வாரிசுகள் பக்கம் நின்றது. கிங்கைப் பற்றிய 'செல்மா' படத்தில் அவருடைய உண்மையான பேச்சு வரிகள் இல்லாததற்கும் காரணம் இதுதான். அவற்றைப் படமாக்கும் உரிமை வேறொருவரிடம் இருந்ததால், இயக்குநர் ஆவா டுவெர்னே புதிதாக எழுதிக்கொண்டார். 2025 அக்டோபரில் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் கிங்கை வைத்து இழிவான காணொளிகள் வந்தபோது, வாரிசுகள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஓப்பன்ஏஐ அவர் உருவத்தை உருவாக்குவதை நிறுத்திவைத்தது. ஆக, திரைவழி உலாவில் எந்தக் குரல் கேட்கும், எந்தப் படம் வரும் என்பதை வரலாற்றாசிரியர் மட்டும் முடிவு செய்வதில்லை. உரிமம் வாங்கக் காசு இருக்கிறதா என்பதும் முடிவு செய்கிறது.

மெய்நிகர் ஆக்கங்களில் நான் பார்த்தவற்றுள் எனக்கு மதிப்பு ஏற்படுத்தியது ரோஜர் ராஸ் வில்லியம்ஸ் 2019ல் எடுத்த 'டிராவலிங் வைல் பிளாக்'. வாஷிங்டனின் பழைய கறுப்பினத்தவர் உணவகமான பென்ஸ் சில்லி பௌலில், மேசைக்கு அருகே கேமராவை வைத்துவிட்டார்கள். எங்கும் பறப்பதில்லை, எந்தக் கொலைக்களத்துக்கும் கொண்டுபோவதில்லை. பார்வையாளர் அந்த இருக்கையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர்கள் பயணம் செய்யப் பயந்த காலத்தைப் பேசுவதைக் கேட்கிறார். 2014ல் கிளீவ்லாந்தில் போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற 12 வயது டமீர் ரைஸின் தாய் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. திருப்பினால் பக்கத்து மேசைக்காரர்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். சம்பவம் நடந்த இடத்தில் நிற்பதைவிட, அதைச் சொல்கிறவருக்கு எதிரே உட்கார்வது கடினம் என்று அந்தப் படம் புரியவைத்தது.

லொரெய்னில் அப்படி எதிரே உட்கார வேண்டியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். கிங் மெம்ஃபிஸுக்கு வந்ததே அவர்களுக்காக.

1968 ஜனவரி கடைசியில் ஒரு மழை நாளில், கறுப்பினத் தொழிலாளர்கள் 22 பேரை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு முழுக் கூலி. பிப்ரவரி 1ஆம் தேதி மறுபடி மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் குப்பை வண்டியின் பின்பக்கத் தொட்டிக்குள் ஒதுங்கினார்கள். வெள்ளையர் குடியிருப்புகளில் திண்ணையோரம் ஒதுங்கினால் புகார் வரும். பழசாகிப்போன வண்டியில் ஏதோ மின்கோளாறில் குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இருவரும் நசுங்கி இறந்தார்கள். அந்த மாதிரி வண்டிகளை மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். மணிக்கூலித் தொழிலாளர்கள் என்பதால் விபத்து இழப்பீடு கிடையாது. நகராட்சி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தது 500 டாலரும் ஒரு மாதச் சம்பளமும். பிப்ரவரி 12 அன்று ஏறக்குறைய 1,300 பேர் வேலைக்கு வரவில்லை. மேயர் ஹென்றி லோப் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க முடியாது என்று பிடிவாதமாக நின்றார்.

ஜேம்ஸ் லாசன் வேலைநிறுத்தக் குழுவின் தலைமைக்கு வந்தது தற்செயல் அல்ல. கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், 1953 முதல் மூன்று ஆண்டுகள் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடியே காந்தியின் சத்தியாகிரக முறைகளைப் படித்தவர். ஊர் திரும்பியதும் 1957ல் கிங்கைச் சந்தித்தார். உடனே தெற்குக்கு வரச் சொன்னார் கிங். கிங்கும் 1959ல் ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி எல்லாம் அதில் உண்டு. நாஷ்வில் உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் அடி வாங்கியும் எழாமல் உட்கார்ந்திருந்ததற்கு அவர்களைப் பழக்கியவர் லாசன். மெம்ஃபிஸில் அவர் அழைத்து கிங் வந்தார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அன்று கிங்கை அவசரமாக ஒரு ஹாலிடே இன் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பினத்தவர் நடத்தும் லொரெய்ன் இருக்க வெள்ளையர் விடுதியில் சொகுசாகத் தங்குகிறார் என்று பத்திரிகைகளில் செய்தி கசியவிட எஃப்பிஐ குறிப்பு ஒன்று தயாரித்தது. அமைதியான ஊர்வலம் நடத்திக் காட்டியே தீருவது என்று கிங் ஏப்ரல் 3 அன்று திரும்பி வந்து தங்கியது லொரெய்னில்.

கொலைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 16ல் நகராட்சி இறங்கிவந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், கூலி மே மாதத்திலிருந்து மணிக்கு 10 சென்ட், செப்டம்பரிலிருந்து இன்னொரு 5 சென்ட் உயர்வு. அருங்காட்சியகத்தில் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. ஒரு குப்பை வண்டி நிற்கிறது, அட்டை பிடித்த உருவங்கள் நிற்கின்றன. குறை அங்கே இல்லை, உலாவின் வேகத்தில் இருக்கிறது. வராந்தாவை நோக்கி ஓடுகிற காணொளிகளில் குப்பை வண்டி சில நொடி வந்து போகிறது. கோலும் வாக்கரும் இறந்த நகரின் கிழக்குப் பக்கத்துத் தெருவில் மலர்வளையத்தோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் இல்லை. அட்டைகளோடு தொழிலாளர்கள் புறப்பட்ட கிளேபார்ன் கோயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது 2025 ஏப்ரலில் அது தீயில் அழிந்தது. இனி அதன் உட்புறத்தைத் திரையில்தான் பார்க்க முடியும். அந்தப் படங்களை எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், யார் அனுப்பி வந்தார் என்ற கேள்விகளோடு பார்க்க வேண்டியிருக்கும்.

1968ல் போராடியவர்கள் நகராட்சி ஓய்வூதியத்துக்குப் பதிலாக மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அதுவே நல்லதாகத் தெரிந்தது. விளைவு, அவர்களில் சிலர் 80 வயதைத் தாண்டியும் மெம்ஃபிஸ் தெருக்களில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள், அருங்காட்சியகம் திறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும். 2017 ஜூலையில் நகராட்சி, உயிரோடிருந்த 14 பேருக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தது. பிறகு தொகையைக் கூட்டினார்கள். விட்டுப்போன சிலரும் பட்டியலில் சேர்ந்தார்கள்.